நிலத்தடியில் வேலி இல்லை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் இறங்கித் தங்கி, நம் கிணறுகளில் ஊறுகிறது. புறத்தே கடல் சூழ்ந்திருக்கிறது. உள்ளே கடனீரேரிகள் நிலத்தை ஊடறுத்துக் கிடக்கின்றன. இவற்றிடையே நமது நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக நிற்கும் நிலாவரைக் கிணறு இதற்குக் கண்கண்ட சான்று.

நன்னீரைவிடக் கடல்நீர் நாற்பதில் ஒரு பங்கு கனமானது. ஆதலால், நிலத்தடி நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை அது பரவி நிற்கும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. இதே கணக்கின்படி, அளவு மீறி இறைத்து நீர்மட்டத்தை ஓரடி நிரந்தரமாகத் தாழ்த்தினால், உவர் நாளடைவில் 40 அடி மேலேறும்.

தமிழ் கற்பிக்கும் எனக்கு இவ்விடயத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். தண்ணீர் பற்றிய அறிவு ஆங்கில அறிக்கைகளுள் அடைபட்டுக் கிடக்க, அத்தண்ணீரைக் குடிப்பவர் அதனை அறியாதிருப்பது நியாயமன்று. இதனை எழுதத் தூண்டியது அந்த எண்ணமே.

தோண்டாமலே நிலத்தடி நீரை ஆராய மின்சாரம் உதவுகிறது. நான்கு மின்வாய்களை ஒரே நேர்கோட்டில் நிலத்தில் ஊன்றி, வெளிப்புற இரண்டின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி, உட்புற இரண்டின் இடையே மின்னழுத்தத்தை அளப்பர். மின்வாய்களை அகல நகர்த்தினால் மின்னோட்டம் மேலும் ஆழத்துக்குச் செல்லும். உவர்நீர் மின்சாரத்தை எளிதிற் கடத்தும், நன்னீர் தடுக்கும். கடல்நீரின் தடைத்திறன் ஏறத்தாழ 0.2 ஓம் மீற்றர். நல்ல கிணற்றுநீருக்கு அது பத்தையும் தாண்டும். 1912ஆம் ஆண்டில் கொன்ராட் சுலும்பேர்சர் பிரான்சின் நோர்மண்டியில் தொடக்கிய மின்னாய்விலிருந்து வளர்ந்த முறை இது.

பொங்குமுகங்களிலும் களப்புகளிலும் மின்வாய்கள் பொருத்திய நீண்ட வடத்தைப் படகின் பின்னே இழுத்துச் சென்று அளக்கின்றனர். மேலேயுள்ள உவர்நீரே மின்னோட்டத்தில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வதால், அதன் ஆழத்தையும் உப்பளவையும் உடன் அளந்து கணக்கிலே சேர்க்க வேண்டும். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டெலவேர் கரையோரக் களப்புகளில் இவ்வாறு ஆராய்ந்தபோது, உவர்நீரின் அடியிலும் நன்னீர் கரையிலிருந்து நீண்டு கிடப்பது தெரிந்தது. வயலில் இட்ட பசளையின் நைத்திரேற்று நிலத்தடி நீரோடு கலந்து களப்பைச் சேரும் வழியும் அதுவே. கரையில் ஒருவர் செய்வது அடுத்த கரைவரை செல்கிறது.

இந்த உண்மையை நம் ஊரோடு பொருத்திப் பார்க்க வேண்டும். கிணற்றுக்கு வேலியிட்டவர்கள் நாம். என் அம்மம்மாவின் இளமைக்காலத்தில், கிணற்றுக் கட்டில் ஏற உரிமையின்றி, யாரேனும் இரங்கி வார்க்கும்வரை குடத்தோடு ஒதுங்கி நின்றவர் பலர். அவரும் அவர்களுள் ஒருவர். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் வந்தது. மனங்களில் உள்ள வேலி அதனோடு சாய்ந்துவிடவில்லை. ஆனால், தீண்டாமை காத்த கிணற்றுக்கும் தீண்டப்படாதவர் தோண்டிய கிணற்றுக்கும் ஊற்று ஒன்றே. இன்று வலிய இயந்திரம் வைத்திருப்பவர் அளவின்றி இறைத்தால், முதலில் உவர்ப்பது அயலிலுள்ள ஏழையின் சிறு கிணறாகவும் இருக்கலாம்.

கருவி மட்டும் தீர்ப்புச் சொல்லிவிடாது. களிமண்ணும் மின்சாரத்தை எளிதிற் கடத்துவதால், அளவீட்டில் அது உவர்நீர்போலத் தோன்றக்கூடும். துளையிட்டுச் சரிபார்க்க வேண்டும். எந்தக் கிணறு எந்த மாதத்தில் உவர்க்கிறது என்பதை நாவால் அறிந்த கமக்காரனையும் கேட்க வேண்டும்.

கடனீரேரிகளின் இரு கரையிலும் மாரியிலும் கோடையிலும் தொடர்ந்து அளவிட வேண்டும். பெறப்படும் படங்கள் தமிழில் விளக்கப்பட்டு, ஒவ்வோர் ஊர் வாசிகசாலையிலும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். எவ்வளவு இறைக்கலாம் என்பதை அவற்றைக் கண்ட ஊரார் அனைவரும், முன்பு கட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும் உள்ளடங்கலாக, கூடியிருந்து முடிவுசெய்ய வேண்டும்.