காவடிச் சோறும் கிட்டங்கிச் சோறும்

காரைக்குடிச் செக்காலையில் எங்கள் தெருக்காரர்களுக்குப் பினாங்கு ஒருநாளும் தூரதேசமாகத் தோன்றியதில்லை. மதுரை, திருச்சி என்று சொல்லும் அதே குரலில்தான் பினாங்கையும் சொல்வார்கள். "அவுக ஐயா பினாங்குல இருந்தாக" என்றால் போதும், மேற்கொண்டு யாரும் விளக்கம் கேட்பதில்லை. செட்டியார் வீடுகளிலிருந்து பர்மாவுக்கும் சைகோனுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் பார்க்க, போனார்கள். அவர்களுக்குச் சமைத்துப் போட, எடுபிடி வேலை பார்க்க என்று மற்ற வீட்டுப் பிள்ளைகளும் கூடவே கப்பலேறினார்கள். எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, சமைக்கப் போனவர். பினாங்கில் செட்டியார்களின் கிட்டங்கி ஒன்றின் பின்கட்டில் பல வருஷம் அடுப்படியில் நின்றவர்.

அவர் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போனார். நான் திருச்சியிலிருந்து விமானத்தில் கோலாலம்பூர், அங்கிருந்து பஸ்ஸில் பட்டர்வொர்த், பிறகு ஃபெர்ரி என்று போனேன். அந்தக் கால் மணி நேரப் படகுப் பயணத்தில்தான் ஜார்ஜ் டவுன் கண்ணுக்கு முழுசாகத் தெரிகிறது. 1786-இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிடித்த இடம். 2008-இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றினார்கள். ஒரே தெருவை ஒட்டி மாதாகோவில், சீனர்களின் குவான் யின் கோவில், மாரியம்மன் கோவில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் என்று அடுத்தடுத்து இருப்பதைச் சொல்லாத பினாங்குக் கட்டுரை கிடையாது. நானும் சொல்லிவிட்டேன். இனி சாப்பாடு.

காலைப் பசிக்குக் கோப்பித்தியாம் என்கிற சீனக் காப்பிக்கடை. ஹைனான் தீவுச் சீனர்கள் மற்ற சீனர்களுக்குப் பிந்தி வந்தார்கள். நல்ல தொழில்களை எல்லாம் முந்தி வந்தவர்கள் பிடித்துக்கொண்டதால் வெள்ளைக்காரர் வீட்டில் சமையலுக்குப் போனார்கள், அங்கே கற்றதை வைத்துக் காப்பிக்கடை போட்டார்கள். சுட்ட ரொட்டியில் தேங்காய்ப்பாலும் முட்டையும் சீனியும் சேர்த்துக் கிண்டிய காயா தடவித் தருகிறார்கள். காப்பி கறுப்பாக, கனமாக இருக்கிறது. நம் டிகிரி காப்பி நாக்குக்கு அது ஒத்துவராது, எனக்கு ஒத்துவரவில்லை. அடுத்த தெருவில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும். மாவை வீசி அடிக்கிறவரும், டீயைக் கைக்குக் கை ஆற்றுகிறவரும் தமிழ் பேசுகிறார்கள். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் ஆகியவற்றை வைத்து மலேசியாவின் காலையுணவுப் பழக்கத்தையே 2024-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. புரோட்டாக் கடையில் நிற்கிற நம்மூர்க்காரருக்கு இந்தச் செய்தியைச் சொன்னால் சந்தோஷப்படுவார்.

நான் போனது முக்கியமாக நாசி கண்டாருக்காக, அதாவது காவடிச் சோற்றுக்காக. இதன் கதை துறைமுகத்தில் ஆரம்பிக்கிறது. தமிழ் முஸ்லிம்கள் காவடித் தண்டைத் தோளில் வைத்து, ஒரு பக்கக் கூடையில் சோறும் மறு பக்கக் கூடையில் குழம்புகளும் சுமந்து, மூட்டை தூக்குகிறவர்களிடம் விற்றார்கள். தோளிலிருந்து இறங்கித் திண்ணைக்கும், திண்ணையிலிருந்து கடைக்கும் அது வந்தது. கேம்பல் தெருவில் 1907-இல் தொடங்கிய ஹமீதியா இன்னும் நடக்கிறது. பினாங்கு ரோட்டில் ஒரு சந்துக்குள் லைன் கிளியர். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை ஒட்டி இரவில் திறக்கும் கடை இன்னொன்று. அங்கே பத்து மணிக்கு மேலும் வரிசை நிற்கிறது. என் முன்னால் இரண்டு சீனப் பெண்கள், பின்னால் ஒரு மலாய்க் குடும்பம்.

வரிசை நகர நகரக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தட்டுகள் தெரிந்தன. முழு வெண்டைக்காய், அவித்த முட்டை, பொரித்த கோழி, கணவாய், மீன் சினை, உள்ளங்கை நீளத்துக்கு இறால். பரிமாறுகிறவர் என் முகத்தைப் பார்த்ததுமே தமிழுக்கு மாறினார்.

"எந்த ஊருண்ணே?"

"காரைக்குடி."

"காரைக்குடியில எங்க?"

"செக்காலை."

"அட, நமக்குப் பனைக்குளம்ணே. ஒரே சீமைதான்." சொல்லிக்கொண்டே சோற்றின் மேல் கோழிக் குழம்பு ஒரு கரண்டி, மீன் குழம்பு ஒரு கரண்டி, இன்னொரு குண்டானிலிருந்து கறுத்துத் திரண்ட ஏதோ ஒன்று அரைக் கரண்டி என்று மளமளவென ஊற்றினார். "கலந்தாத்தான்ணே ருசி. தனித்தனியாத் தின்னா வீட்டுச் சாப்பாடு."

காரைக்குடியில் ஒரு குழம்பு முடிந்துதான் அடுத்தது இலைக்கு வரும். குழம்பு, ரசம், மோர் என்று முறை உண்டு. கலந்தால் பெரியவர்கள் முறைப்பார்கள். பினாங்கிலோ கலப்பதுதான் முறை. அந்தக் கலவையில் மிளகு, சோம்பு, கறிவேப்பிலை வாசனை எழுந்தது; அடியில் ஓர் இனிப்பும் இருந்தது. எங்கள் பக்கத்துச் சமையல்தான், ஆனால் ஊர் சுற்றி வந்த சமையல். சோறு தீர்ந்த பிறகும் விரலை எடுக்க மனம் வரவில்லை.

ஐயா அந்தக் கிட்டங்கியில் சமைத்தது இதை அல்ல. கிட்டங்கி என்பது ஒரு நீளக் கூடம். ஒவ்வொரு விலாசத்துக்கும், அதாவது ஒவ்வொரு வட்டிக்கடைக்கும், ஒரு பெட்டியடி, சுவரோரம் பீரோ, முன்னால் சாய்வு மேசை, கீழே பாய். பகலில் வட்டிக்கடை, இரவில் அதே இடத்தில் படுக்கை. மூன்று வருஷக் கணக்கு முடியும்வரை பெண்டுபிள்ளைகள் ஊரில்தான். பின்கட்டில் எல்லாருக்குமாக ஒரு சமையல், ஊர் ருசி பிசகாமல். வெண்டைக்காய் மண்டி எப்படி வைத்தேன், புளி எங்கே வாங்கினேன் என்று ஐயா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மண்டியை ஒரு சீனரோ மலாய்க்காரரோ வாயில் வைத்துப் பார்த்ததாக ஒரு கதைகூட அவரிடம் இல்லை.

பணம் செட்டியார்களிடம் இருந்தது. வாட்டர்ஃபால் ரோட்டுத் தண்டாயுதபாணி கோவில் 1857-இலேயே அவர்கள் கட்டியது. தைப்பூசத்துக்கு இன்றும் ஓடும் வெள்ளி ரதம் 1894-இல் காரைக்குடியில் செய்து கப்பலில் போனது. ரதம் வரும் வழியெல்லாம் சீனர்கள் மலைமலையாகத் தேங்காய் உடைக்கிறார்கள். அந்த நாட்களில் கோவிலில் வந்தவர்க்கெல்லாம் இலை போடுகிறார்கள். ஆக சாமி தெருவுக்கு வந்தது, சமையல் வருஷத்துக்கு ஒருமுறை வாசலுக்கு வந்தது. கையில் காசில்லாமல் காவடித் தண்டோடு துறைமுகத்தில் நின்ற ராமநாதபுரத்துக்காரரின் குழம்போ ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பினாங்கின் தமிழ்ச் சாப்பாடு எது என்று கேட்டால் இன்று எல்லாரும் கைகாட்டுவது அதைத்தான். அவர் சீனரின் மஞ்சள் மீ நூடுல்ஸை வாங்கித் தக்காளியும் உருளைக்கிழங்கும் போட்டு மீ கோரெங் ஆக்கினார். வெள்ளரிக்காயையும் இறால் வடையையும் வெட்டிப் போட்டு இனிப்புக் குழம்பு ஊற்றிப் பசெம்பூர் ஆக்கினார். விற்றாக வேண்டியவன் வாங்குகிறவனின் நாக்கைத் தெரிந்துகொள்கிறான். கிட்டங்கிக்கு அந்த அவசியம் இருக்கவில்லை.

லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் 'செட்டிநாடு சிக்கன்' கேட்டேன். சிவப்புச் சாயமும் சோள மாவும் கலந்த ஒன்று வந்தது. காரைக்குடியில் யாரும் இப்படி ஒரு பெயர் சொல்லிச் சமைப்பதில்லை; எங்களுக்கு அது கோழிக் குழம்பு, வறுவல், உப்புக்கறி. சென்னை ஓட்டல்கள் செய்து வைத்த செட்டிநாடு கப்பலேறியும் வந்திருக்கிறது, என்ன செய்ய.

எங்கள் வீட்டு வாசனை கிடைத்தது எதிர்பாராத இடத்தில், கிம்பர்லி தெருவில். சாயங்காலம் ஒரு வாத்துக்கறிக் கடை. அகல அரிசித் தாள்களைச் சுருட்டிக் கறுத்த சாற்றில் போட்டுத் தருகிறார்கள். சட்டியிலிருந்து அன்னாசிப்பூவும் பட்டையும் மணக்க மணக்க ஆவி வந்தது. நம் மசாலாவில் அன்னாசிப்பூ இல்லாத கறி உண்டா? சீனத்துப் பக்கம் விளையும் பூ அது.

பிறகு சீன-மலாய்க் கலப்புச் சமையல் செய்யும் ஒரு நியோன்யாக் கடையில் புபூர் புலூட் ஹித்தாம். சிறு கிண்ணத்தில் கறுப்பு ஒட்டரிசிக் கஞ்சி, ஊதா நிறத்தில், பனைவெல்லம் கரைந்து. மேலே உப்பிட்ட கெட்டித் தேங்காய்ப்பால் ஒரு கரண்டி. அது கலக்காமல் வெள்ளைக் கோடாக நின்றது. முதல் கரண்டியிலேயே தெரிந்துவிட்டது, எங்கள் கல்யாணப் பந்தியின் கவுனி அரிசி. இரவெல்லாம் ஊறவைத்துக் குழைய வேகவிட்டு, சீனியும் நெய்யும் தேங்காய்ப்பூவும் போட்டுக் கிளறுவோம். பர்மாவிலிருந்து வந்தது என்பார்கள் எங்கள் பக்கம். செட்டியார் வீடுகள் வெளியூருக்குக் கொடுக்க யோசித்தன. ஆனால் வாங்கிவந்ததைப் பந்தியின் முதல் இனிப்பாக உட்கார வைத்துவிட்டன. இந்த ஒன்றுக்காக அவர்களை மன்னிக்கலாம்.

2016 முதல் பினாங்கில் சாலையோரக் கடைகளில் வெளிநாட்டவர் தலைமைச் சமையலுக்கு நிற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. உள்ளூர் ருசி கெட்டுவிடக் கூடாதாம். கவலை புரிகிறது. ஆனால் காவடி சுமந்த ராவுத்தரும், சார் குவே தியாவ் என்ற அரிசி நூடுல்ஸை வறுத்த தியோச்சியூச் சீனரும், காயா கிண்டிய ஹைனான்காரரும் எந்த ஊரில் பிறந்தவர்கள்? அன்றைக்கே இந்த விதி இருந்திருந்தால் பாதுகாக்க இன்று ஒன்றும் இருந்திருக்காது.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. சார் குவே தியாவில் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு இருக்கும், வேண்டாதவர்கள் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நாசி கண்டார் கடையில் பெரிய இறாலுக்கும் மீன் தலைக்கும் தட்டில் விழுவதற்கு முன்பே விலை கேளுங்கள். விழுந்த பிறகு கேட்டுப் பயனில்லை.