சேர்ன் முற்றத்தில் விடைபெறும் இளைஞர்

ஜெனீவா என்னும் பெயர் ஈழத்துத் தமிழர் இல்லங்களுக்குப் புதியதன்று. மனித உரிமைகள் பேரவை கூடும் நகரென்று செய்தித்தாள்களில் அதனைப் படித்திருக்கிறோம். சுவிற்சர்லாந்தில் வாழும் உறவினர் வாயிலாக அந்நாட்டுக் குளிரையும் கேட்டறிந்திருக்கிறோம். ஆயினும் அந்நகரின் மேற்குப் புறத்தே, பிரான்சு நாட்டு எல்லையின் இருமருங்கும் பரந்து கிடக்கும் ஒரு விஞ்ஞானப் பட்டினத்தை நம்மவருள் அறிந்தோர் சிலரே. சேர்ன் என வழங்கும் ஐரோப்பிய அணுக்கரு ஆராய்ச்சி நிலையமே அது.

பள்ளி ஆசிரியருக்கென அங்கு 1998 முதல் வகுப்புகள் நடைபெற்று வருகின்றன. பல நாட்டு ஆசிரியரும் கூடும் இருவார வகுப்பொன்றிற்கு 2024 ஓகஸ்டில் நாமும் சென்றிருந்தோம். கோர்னவன் புகையிரத நிலைய முன்றலில் 18ஆம் இலக்க ட்ராம் வண்டியில் ஏறினால், அதன் இறுதித் தரிப்பிடமே சேர்ன் வாயில். ஒருபுறம் 27 மீற்றர் உயரமான மரக்கோளம். மறுபுறம் நிலையத்தின் கட்டடங்கள். அப்பால் யூரா மலைத்தொடரின் நீலம். அயல் வயல்களிலே சூரியகாந்திகள் முற்றித் தலை கவிழ்ந்து நின்றன. கோடை முடியப்போகிறது என்பதை அவையே எமக்கு முதலில் அறிவித்தன.

பெரும் விந்தைகளை எதிர்பார்த்து உள்ளே நுழைபவருக்கு முதற்கண் ஏமாற்றமே உண்டாகும். நமது கச்சேரிகளை நினைவூட்டும் பழைய அலுவலகக் கட்டடங்களும் நீண்டு ஒடுங்கிய நடைகூடங்களுமே எங்கும் தென்படும். தெருக்கள் மட்டும் ஐன்ஸ்டைன், ரதர்போர்ட், ஃபைன்மன் என்று பெரும் பெயர்களைத் தாங்கி நிற்கும். விந்தை நிலத்தின் கீழே இருக்கிறது. ஏறத்தாழ 100 மீற்றர் ஆழத்தில் 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள வட்டச் சுரங்கம். இயந்திரம் இயங்கும் வேளையில், புரோத்தன்கள் அதனை ஒரு செக்கனில் 11,000 தடவைக்கு மேல் வலம் வருகின்றன. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஒன்பது ஆண்டுகளே கழிந்திருந்த 1954இல் 12 நாடுகள் கூடி இந்நிலையத்தை நிறுவின. நேற்றுவரை ஒன்றையொன்று அழிக்க முனைந்த பிரான்சும் மேற்கு யேர்மனியும் அவற்றுள் அடங்கும். போரின் பின் வாழும் நமக்கு இச்செய்தி சுரங்கத்திலும் பெரிய விந்தையாகத் தோன்றிற்று.

எனினும், நாம் இங்கே கூற விழைவது இயந்திரத்தைப் பற்றியன்று. 1962 தொடக்கம் ஒவ்வொரு கோடையிலும் பல்கலைக்கழக மாணவர் சில நூற்றுவர் இங்கு வந்து பயில்கின்றனர். எட்டு வாரம் முதல் பதின்மூன்று வாரம் வரை அவர்கள் தங்குவர். முற்பகலில் விரிவுரை, எஞ்சிய நேரமெல்லாம் ஏதேனும் ஓர் ஆராய்ச்சிக் குழுவோடு மெய்யான வேலை. 2012 யூலை 4ஆந் திகதி ஹிக்ஸ் துகளைக் கண்டறிந்த செய்தி வெளியாகவிருந்தபோது, முதல்நாள் இரவே மண்டப வாசலிற் படுத்துக்கிடந்து இடம் பிடித்தோருள் கோடை மாணவரும் இருந்தனர்.

இம்மாணவரிடத்து நாம் கண்டு வியந்த பண்பு, அவர்தம் அறிவன்று; தயக்கமின்றி வினவும் பழக்கமே. விரிவுரையை இடைமறித்து, "இது எனக்கு விளங்கவில்லை" என்று இருபது வயதுப் பிள்ளை எழுந்து நிற்கிறாள். விரிவுரையாளர் முகஞ் சுளிக்கவில்லை. கரும்பலகைக்குத் திரும்பி மீண்டுந் தொடங்குகிறார். உணவுச்சாலையிலும் அவ்வாறே. உலகறிந்த பேராசிரியரும் நேற்று வந்த மாணவனும் தத்தம் தட்டை ஏந்தி ஒரே வரிசையில் நிற்கின்றனர். ஒரே மேசையில் அமர்ந்து வாதிடுகின்றனர்.

நாம் அங்கிருந்த நாட்களில் இக்கூட்டம் கலையத் தொடங்கியிருந்தது. பிரிவு ஒரே நாளில் நிகழவில்லை. ஒவ்வொருவரும் வந்த நாள் வேறாதலின் போகும் நாளும் வேறு. அதிகாலையிலே விடுதிப் பாதையில் பயணப்பெட்டியின் சில்லுகள் கடகடக்கும் ஓசை கேட்கும். இன்று இருவர், நாளை ஐவர். சோறு சமைத்த பானையும் பாதி தீர்ந்த மிளகாய்த்தூளும் இருப்பவர் கைக்கு மாறும். கடைசியாகப் போகிறவருக்கு எல்லாப் பாத்திரங்களும் கிடைக்கும். உடனிருந்து உண்பதற்கு மட்டும் எவரும் இரார்.

விடுதிக்கு அண்மையிலே இரண்டு மீற்றர் உயரமான நடராசர் திருவுருவம் ஒன்று நிற்கிறது. இந்திய அரசு அன்பளிப்பாக வழங்க, 2004 யூன் 18ஆந் திகதி திறந்து வைக்கப்பட்டது. ஆக்கமும் அழிவும் ஓயாது நிகழும் துகள்களின் உலகை ஆராய்வோர் முற்றத்தில் ஆடல்வல்லான் நிற்பது பொருத்தமே. பெட்டியுடன் புறப்படுவோர் பலர் அத்திருவுரு முன்னே குழுமிப் படம் எடுத்துக்கொள்வதைக் கண்டோம். அவ்விடத்திலேதான் நம் நாட்டுப் பல்கலைக்கழக மாணவி ஒருத்தியைச் சந்தித்தோம். மறுநாள் விடியலில் அவளுக்கு விமானம். பிரியப்போகும் தோழியரை நினைத்து வருந்துகிறாளோ என்று வினவினோம்.

"அவையோட ஒவ்வொரு நாளும் கதைக்கலாம், சேர். அது பிரச்சினையில்லை. இங்கை ஒரு கேள்வி கேட்டால் பத்துப்பேர் சேர்ந்து யோசிக்கினம். ஊருக்குப் போனால் ஆரிட்டைக் கேக்கிறது?" என்றாள்.

"பிள்ளை, கருவிகள் இல்லையெண்டு கவலைப்படுறியோ?" என்றோம்.

"கருவி பிறகு, சேர். கேக்கிற ஆள் முதல்."

அச்சொற்கள் எம்முடன் தங்கிவிட்டன. அன்று பிற்பகல் எமது வகுப்பிலே 'முகிலறை' செய்யப் பழக்கினார்கள். அற்ககோலில் நனைத்த துணி, ஒளி ஊடுருவும் பெட்டி, கரிய உலோகத் தட்டு, அதன் கீழே உலர் பனிக்கட்டி, இவ்வளவே. சில நிமிடங்களில் பெட்டியினுள் மெல்லிய புகைக்கோடுகள் தோன்றித் தோன்றி மறைகின்றன. அவற்றுட் சில, வானிலிருந்து வரும் மியூவான் என்னும் துகள்களின் காலடிச் சுவடுகள். கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு நிமிடமொன்றில் ஏறத்தாழ ஒரு மியூவான் வந்து வீழ்கிறது. உள்ளங்கையை விரித்தால் ஒவ்வொரு செக்கனும் ஒன்றேனும் ஊடுருவிச் செல்லும். ஜெனீவாவில் மட்டுமன்று, நம் வீட்டுத் திண்ணையிலும் இம்மழை ஓயாது பெய்கிறது. பொசித்திரன் 1932இலும் மியூவான் 1936இலும் கண்டறியப்பட்டது இத்தகைய முகிலறைகளின் துணையாலேயே.

கருவி வேண்டாம், வானம் போதும் என்று கூறினால் அது அரை உண்மையாகும். வங்கத்துப் பெண்மணி பிபா சௌதுரி, தம் ஆசிரியர் தேவேந்திர மோகன் போஸ் அவர்களுடன் சேர்ந்து டார்ஜிலிங் மலைப்பகுதியில் ஒளிப்படத் தகடுகளை வைத்து வானத் துகள்களை ஆராய்ந்தார். போர்க்காலத்தில் அவர்களுக்கு நுண்ணிய தகடுகள் கிடைக்கவில்லை. சில ஆண்டுகளின் பின் சிறந்த தகடுகளைக் கொண்டு அதே வழியில் பையானைக் கண்ட பிரித்தானியப் பேராசிரியர் பவல், 1950இல் நோபல் பரிசு பெற்றார். இல்லாமை பொல்லாததுதான். ஆயினும் அவ்விருவரும் தகடு கிடைக்கும்வரை வினாவை ஒத்திவைக்கவில்லை. ஒருவர் வினவ மற்றவர் உடனிருந்தார். அதனாலேயே அத்துணை தூரம் செல்ல முடிந்தது.

கோடைப் பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளையை நாம் எவ்வாறு வரவேற்கிறோம்? "எவ்வளவு உதவிப்பணம் தந்தவை? அங்கேயே வேலை எடுக்கலாமோ? எப்போது திரும்பிப் போகிறாய்?" என்பனவே நமது முதல் வினாக்கள். அவள் கொண்டுவந்த வினாக்களைக் கேட்பார் இல்லை. ஓராண்டில் அவையும் அடங்கிவிடும். அல்லது அவற்றைக் கேட்கும் இடந்தேடி அவள் மீண்டும் விமானம் ஏறுவாள். பின்னர், நம் பிள்ளைகள் திரும்பி வருவதில்லையென்று நாம் குறைப்படுவோம்.

ஆதலின் அம்மாணவியிடம் ஒன்றை வேண்டிக்கொண்டோம். வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் எமது கல்லூரிக்கு வந்து, உயர்தர வகுப்புப் பிள்ளைகளுடன் ஒரு மணிநேரம் இருக்கவேண்டும். முகிலறையொன்று செய்து பார்க்கவேண்டும். "உலர் பனிக்கட்டிக்கு எங்கை போறது, சேர்?" என்று சிரித்தாள். அதைத் தேடிப் பிடிப்பதே முதற் பரிசோதனை என்றோம்.

இதனைப் படிக்கும் பெற்றோர் செய்யக்கூடியது இன்னும் எளிது. தொலைவிலே பயின்று மீளும் பிள்ளைக்கு முதலில் ஒரு கோப்பை தேநீர் கொடுங்கள். பிறகு, அங்கே விடை காணாமல் விட்டு வந்த வினா யாதென்று கேளுங்கள். அவள் கூறுவது முற்றும் விளங்காவிடினும் பாதகமில்லை. அருகே அமர்ந்து கேட்டுக்கொண்டிருங்கள்.