இருக்க மட்டுமில்லை, எழும்பவும்தான்



வந்தாறுமூலையில் பஸ்ஸுக்கு நிற்கிற எல்லோருக்குமான பதிவு இது. கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை பாடசாலை விட்டு வரும்போது, யாரோ நல்ல மனதோடு கட்டிக் கொடுத்த சீமெந்து வாங்கில் ஒரு அம்மம்மா இருந்தார். மட்டக்களப்பு பஸ் வந்தது. அவரால் எழும்ப முடியவில்லை. வாங்கு பதிவு, பிடித்து எழும்பக் கைபிடியும் இல்லை. நாங்கள் இரண்டு பேர் கைகொடுத்து எழுப்புவதற்குள் பஸ் போய்விட்டது.

"நிண்டிருந்தா பஸ்ஸப் புடிச்சிருப்பன் மனே" என்றார்.

அதன் பிறகுதான் எங்களில் சிலர் காசு சேர்த்து இன்னொரு வாங்கு போடலாம் என்று கதைத்தோம். மேசனிடம் போவதற்கு முன் சில விசயங்களை யோசிக்க வேண்டியிருக்கிறது.

முதலாவது உயரம். 18 அங்குலமளவில் இருந்தால் முழங்கால் நோவுள்ளவருக்கும் எழும்பலாம். ஆழம் 16 அங்குலம் போதும். இரண்டு முனையிலும் கைபிடி வேண்டும். இன்னொன்றை நாங்களும் கவனித்ததில்லை: எழும்பும்போது எல்லோரும் பாதத்தைப் பின்னுக்கு இழுத்துத்தான் எழும்புகிறோம். நிலம்வரை மூடிக் கட்டிய வாங்கில் பாதம் போக இடமில்லை. அந்த அம்மம்மா மாட்டிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது இடம். திருகோணமலை வீதியோரத்தில் மதிலுக்கும் தாருக்கும் இடையில் எவ்வளவு இருக்கிறது என்பது நடப்பவர்களுக்குத் தெரியும். வாங்கு 16 அங்குலம்தான், ஆனால் இருப்பவரின் கால் இன்னும் இரண்டடி நீளும். அதற்கப்பால் நடக்கக் குறைந்தது நான்கடி வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் தாரில் இறங்கித்தான் நடக்கும். பாதையில் உட்காருவதைத் தவிர்க்கச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், முடியாது என்றால் பாதைக்குரிய உரிமையைக் கொடுங்கள் என்றார்கள். பிறருக்குத் தொல்லை தராதிருப்பது அதில் ஒன்று. ஆகவே இடம் போதாத மூலையில் நீள வாங்கு வேண்டாம். மதிலோடு ஒட்டி இரண்டு பேருக்கான வாங்கு போதும். பக்கத்தில் சக்கர நாற்காலி நிற்க மூன்றடி வெறுமையாக விடலாம்.

நியூயோர்க் சுரங்க ரயில் நிலையங்கள் சிலவற்றில் இருக்கைக்குப் பதிலாகச் சாய்ந்து நிற்கும் பலகை வைத்திருக்கிறார்கள். இடம் மிச்சம்தான், ஆனால் கால் ஏலாதவருக்கு அது உதவாது. நம் முன்னோரின் சுமைதாங்கியும் கொஞ்ச இடத்தில்தான் நின்றது. பிள்ளைத்தாய்ச்சியாக மௌத்தான பெண்ணின் நினைவாக நட்ட கல் அது. தலைச்சுமையை இன்னொருவர் உதவியில்லாமல் இறக்கவும் திரும்ப ஏற்றவும் தோதான உயரத்தில் அமைத்தார்கள். நாங்கள் வாங்கில் தேடுவதும் அதைத்தான்.

மூன்றாவது வெயிலும் உப்புக்காற்றும். வாவிக்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும். பளபளக்கும் டைல்ஸ் கச்சான் காலத்து வெயிலில் சுடும், மாரியில் வழுக்கும். கொங்கிறீட்தான் தோது. மேற்பகுதி முன்பக்கம் சற்றுச் சரிவாக இருந்தால் மழைத்தண்ணீர் தேங்காது. வாங்குக்கு முன்னால் வேம்பின் நிழலைத் தேடுங்கள்.

பெயர் எழுதுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸதக்கத்துல் ஜாரியாவாக நினைத்துக் கொடுக்கிறவர்களின் பெயர் அல்லாஹ்வுக்குத் தெரியும். ஏறாவூர் மூத்தம்மாவும் வந்தாறுமூலை அம்மம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கப்போகிற வாங்கு அது. யாருடையது என்று எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு இருக்க வேண்டிய நிலை வரக்கூடாது.

பிரதான வீதி என்பதால் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் பிரதேச சபையிடமும் அனுமதி கேட்டுத்தான் செய்வோம்.

உங்களிடம் ஒரு உதவி. வீட்டில் மூத்தம்மாவோ அம்மம்மாவோ அப்பப்பாவோ யாருடைய உதவியும் இல்லாமல் எழும்புகிற கதிரை எது என்று பாருங்கள். அதன் உயரத்தை அளந்து கீழே எழுதுங்கள். அந்த அளவுகளோடுதான் மேசனிடம் போவோம், இன்ஷா அல்லாஹ்.