பாலைவனத்தில் பதினான்கு நாள்



"டீச்சர், அமெரிக்காவில் நீங்களும் சாரும் வண்டிக்குள்ளேயே குடித்தனம் பண்ணினீங்களாமே, அதை எழுதுங்க" என்று 1994 பத்தாம் வகுப்புக் குழுவில் விடாமல் கேட்கிறார்கள். நீளமாகத்தான் வரும். பொறுமை இல்லாதவர்கள் படத்துக்கு லைக் போட்டுவிட்டுப் போகலாம். மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

2019 ஜனவரியில் மகன் வீட்டுக்குப் போயிருந்தோம். அரிசோனாவில் பீனிக்ஸ் பக்கம் இருக்கிறான். செகண்ட் ஹேண்டில் ஒரு டிரெய்லர் வீடு வாங்கியிருந்தான். 24 அடி நீளம். கட்டில், கேஸ் அடுப்பு, பிரிட்ஜ், கழிவறை எல்லாம் அதற்குள்ளே. அதைப் பிக்கப் வண்டியின் பின்னால் கொக்கி போட்டு இழுத்து, மேற்கே சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி குவார்ட்சைட் என்ற ஊருக்கு வெளியே பாலைவனத்தில் நிறுத்தினான். "வார நாளில் எனக்கு வேலை இருக்கும்மா, நீங்க ரெண்டு பேரும் இருங்க, சனிக்கிழமை வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பிக்கப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வேடந்தாங்கலுக்குப் பறவைகள் ஏன் வருகின்றன என்று உங்களுக்குப் பாடம் எடுத்தேனே, அதே கதைதான் அங்கே மனிதர்களுக்கு. வடக்கே பனி விழ ஆரம்பித்ததும் ஓய்வு பெற்ற தம்பதிகள் வண்டி வீட்டோடு தெற்கே இறங்கிவிடுகிறார்கள். ஸ்னோபேர்ட்ஸ், பனிப்பறவைகள் என்றுதான் அவர்களுக்குப் பெயரே. குவார்ட்சைட்டைச் சுற்றியுள்ள அரசு நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்க அப்போது கட்டணம் 180 டாலர். பதினான்கு நாள் போதும் என்றால் 40. அந்தக் காசுக்கு மண்ணும் வானமும்தான் கிடைக்கும். கரண்ட் கிடையாது, கூரை மேலே சோலார் பலகை வைத்துக்கொள்ள வேண்டும். ஜனவரியில் பகல் கொடைக்கானல் மாதிரி இதமாக இருக்கிறது, ராத்திரி போர்வை இரண்டு வேண்டும். கோடையில் 45 டிகிரியைத் தாண்டுமாம். அதற்குள் பறவைகள் பறந்துவிடும்.

ஊர் மயானத்தில் பிரமிடு மாதிரி ஒரு கல்லறை, உச்சியில் ஒட்டகம். 1850களில் அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் சுமை தூக்க ஒட்டகம் இறக்கிப் பார்த்தது, அதற்கு ஓட்டியாக வந்த ஹாஜி அலி என்பவருடையது. பாடப்புத்தகத்தில் இல்லாததால் உங்களுக்குச் சொல்லவில்லை!

எங்க வீட்டுக்காரர் ரயில்வேயில் 33 வருடம் கூட்ஸ் கார்டாக இருந்தது உங்களில் பலருக்குத் தெரியும். (இப்போது அந்தப் பதவிக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள்.) லைன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போனால் எந்த நாள் வருவார் என்று சொல்ல முடியாது. பிரேக் வேனில் விளக்கு இருக்காது, ரன்னிங் ரூமில் சமைத்தேன் என்று அவர் சொன்னதெல்லாம் எனக்குக் காதால் கேட்ட கதை. டிரெய்லருக்குள் அவர் நடமாடியதைப் பார்த்தபோதுதான் புரிந்தது. எந்தச் சாமான் எங்கே, எது ஆடும், எதைக் கட்டிவைக்க வேண்டும், எல்லாம் முதல் நாளே அவர் கைக்கு வந்துவிட்டது. நான் இரண்டு நாள் தலையை இடித்துக்கொண்டே இருந்தேன். கல்யாணமாகி 38 வருடத்தில் பதினான்கு நாள் தொடர்ந்து ஒரே அறையில் இருந்தது அதுதான் முதல் தடவை. சண்டையும் வந்தது. மிளகாய் தாளித்தால் புகை அலாரம் அலறும், அவர் துண்டை எடுத்து விசிறிக்கொண்டே என்னைத் திட்டுவார்.

தண்ணீர்த் தொட்டி 150 லிட்டர். நம் ராமநாதபுரம் பக்கம் குடக் கணக்கில் தண்ணீர் பார்த்து வளர்ந்தவளுக்கு அது பெரிய விஷயமில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீர் ஒரு தொட்டிக்கும், கழிவறைத் தண்ணீர் இன்னொரு தொட்டிக்கும் போகும். நிறைந்ததும் அதற்கென்று உள்ள இடத்துக்கு இழுத்துப்போய்க் குழாய் மாட்டி நாமே திறந்துவிட வேண்டும். மகன் வந்த சனிக்கிழமை அந்த வரிசையில் நின்றோம். முன்னால் ஒரு விவசாயி, பின்னால் ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர், கையுறை மாட்டிக்கொண்டு அவரவர் கழிவை அவரவர் அப்புறப்படுத்தியபடி வானிலை பேசிக்கொண்டிருந்தார்கள். நம் நாட்டில் இதை யார் தலையில் வைத்திருக்கிறோம், 2013இல் சட்டம் போட்ட பிறகும் சாக்கடைக் குழிக்குள் ஆள் இறங்குவது ஏன் நிற்கவில்லை என்று அந்த வரிசையில் நின்றுதான் நினைத்தேன்.

எல்லாரும் வசதியானவர்கள் என்றும் நினைக்க வேண்டாம். வாடகை கட்ட முடியாமல் வேனில் வாழ்கிறவர்களும் நிறைய. அக்டோபரில் வடக்கே சர்க்கரைக்கிழங்கு அறுவடை, கோடையில் முகாம் மைதானங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று, அறுபது எழுபது வயதிலும் பருவத்துக்கு ஒரு ஊர்.

எங்கள் பக்கத்து வண்டி கனடாக்காரர்களுடையது. கோதுமை விவசாயம் செய்து ஓய்ந்தவர்கள், இப்படி வருவது பதினோராவது குளிர்காலம். அமெரிக்காவில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கக்கூடாது, மாகாண மருத்துவக் காப்பீடு தொடரவும் வருடத்தில் இத்தனை நாள் ஊரில் இருந்தாக வேண்டும் என்பதால் சுவர்க் காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வருவார்கள்.

ஒன்பதாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு இவருக்கு நெஞ்சு வலி, உடம்பெல்லாம் வியர்வை. ஏற்கனவே இரண்டு ஸ்டென்ட் வைத்தவர். எங்களிடம் வண்டி இல்லை, இருந்தாலும் எனக்கு ஓட்டத் தெரியாது. டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பக்கத்துக் கதவைத் தட்டினேன். அந்த அம்மாவுக்கு வயது 71. ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, தங்கள் பெரிய டிரக்கில் எங்களை ஏற்றி, கொலராடோ ஆற்றைத் தாண்டி கலிபோர்னியாவில் இருந்த மருத்துவமனைக்கு ஓட்டிப்போனார். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு இதயம் இல்லை, வயிற்றுக் கோளாறு என்றார்கள். (போகிறவர்கள் கவனிக்க: பயணக் காப்பீடு எடுக்கும்போது ஏற்கனவே உள்ள நோயும் சேருமா என்று கேட்டு எடுங்கள்.)

விடியும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அந்த அம்மா சொன்னார். அவர் கணவருக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது, இரண்டு வருடமாக இவர்தான் ஓட்டுகிறார். ஆனால் ஓட்டக் கற்றது அதற்கு முன்பே. ஒரு பிப்ரவரியில் பக்கத்து வண்டிக்காரர் இறந்துபோனார். கொக்கியைக் கழற்றக்கூடத் தெரியாமல் அவர் மனைவி அங்கேயே நின்றதைப் பார்த்த பிறகு இவர்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்களாம். மாதத்தில் ஒரு நாள் வேலை மாற்றம். அன்று கொக்கி மாட்டுவதும் ஓட்டுவதும் மனைவி, சமையலும் மருந்து டப்பாவும் கணவர்.

டிரெய்லருக்குத் திரும்பி அவர் கஞ்சி குடித்து முடித்ததும் கேட்டேன். "ஏங்க, உங்க பென்ஷன் எந்த பேங்க்ல வருது?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லுங்க."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு மகன் விட்டுப்போன நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். பேங்க், எல்ஐசி, வீட்டுப் பத்திரம் இருக்கும் பீரோ தட்டு, ஈபி கனெக்‌ஷன் நம்பர். இரண்டு பக்கம் வந்தது. அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "மொய் நோட்டு யாருக்கும் புரியாத மாதிரி எழுதியிருக்கியே, அதை எனக்கு எப்ப சொல்லித் தரப்போற?"

ஊருக்கு வந்த பிறகு மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் வீட்டில் மாற்று நாள். ஏடிஎம், ஈபி பில், நெட் பேங்கிங் எல்லாம் அன்று என் கையில். ஓடிபி வந்தால் இப்போது பதறுவதில்லை. சமையல் அவருக்குப் புதிதில்லை, ரன்னிங் ரூம் சாம்பார் நன்றாகவே வைப்பார். அவருக்கு வராதது சொந்தக்காரர்களிடம் பேசுவதுதான்.

கனடா அம்மா போன வாரம் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். இந்தக் குளிர்காலத்தில் யூமா பக்கம் ஒரே இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டார்களாம். அவருக்குப் பார்வை அநேகமாகப் போய்விட்டது. கனடாவிலிருந்து அங்கே வரை முழுத் தூரமும் ஓட்டிவந்தது இந்த அம்மாதான்.

சொந்தங்களுக்கு ஒரு அறிவிப்பு. முதல் ஞாயிறு போன் செய்தால் அவர்தான் எடுப்பார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, யார் யாரோடு பேசுவதில்லை என்ற விவரமெல்லாம் அவரிடமே சொல்லுங்கள். "சரி, சரி" என்று இரண்டே வார்த்தையில் வைக்கப் பார்ப்பார். விடாதீர்கள்.