ஆற்றுக்கு நீலம் வேண்டாம்

ஓவியம் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதல் நாளே கைப்பேசியை நீட்டுகிறார்கள். அதில் பனி மூடிய மலை இருக்கும், அதன் காலடியில் ஏரி, கரையோரம் ஊசியிலை மரங்கள். "சார், இதுதான் ஈஸின்னு போட்டிருக்கு" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். திருவையாற்றுப் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமைகளில் சிலருக்குச் சொல்லித் தருகிறேன். பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள், வங்கியிலும் மின்வாரியத்திலும் வேலை பார்த்து ஓய்ந்தவர்களும் வருகிறார்கள். எல்லோருக்கும் முதலில் சொல்வது இதைத்தான்: அந்த மலையை நீங்கள் பார்த்ததில்லை. அதன் நிழல் எந்தப் பக்கம் விழும், உச்சிவேளையில் என்ன நிறமாகும் என்பது உங்களுக்குத் தெரியாது. கை தடுமாறும்போது கண்தான் திருத்த வேண்டும், பார்க்காத ஒன்றைக் கண் எப்படித் திருத்தும்? வரப்பை வரையுங்கள். அதன் நெளிவு உங்கள் காலுக்கே தெரியும்.

புதிதாக வரைய வருகிறவருக்கு நம் டெல்டாவைப் போல இடம் கொடுக்கும் நிலம் குறைவு. குறுக்கே ஒரு கோடு, மேலே வானம், கீழே வயல். தூரத்துத் தென்னந்தோப்பைத் தனித்தனி மரமாக வரையத் தேவையில்லை. நீலம் கலந்த மங்கல் பச்சையில் ஒரு பட்டை இழுத்தால் போதும், தூரம் வந்துவிடும். அந்தக் குறுக்குக் கோட்டை மட்டும் சரிபாதியில் போடாதீர்கள். ஐப்பசி மேகத்தைக் காட்ட வேண்டுமென்றால் கோடு கீழே இறங்கட்டும், நட்ட வயலைக் காட்ட வேண்டுமென்றால் மேலே ஏறட்டும். இந்தப் படத்தில் எது பெரிது என்று அந்த ஒரு கோட்டிலேயே நீங்கள் முடிவு செய்துவிடுகிறீர்கள்.

வாங்க வேண்டியது கொஞ்சம்தான். 8-க்கு 10 அங்குலத்தில் அட்டையில் ஒட்டிய கான்வாஸ் போர்டு போதும். பெரிதாக வாங்கினால் பாதியில் நின்றுபோகும். தொடங்குகிறவருக்கு ஒரு படத்தை முடித்துப் பார்ப்பதுதான் பெரிய ஊக்கம். அக்ரிலிக் வண்ணம் எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீரில் கரையும், சீக்கிரம் காயும், தப்பானால் மேலேயே பூசிக்கொள்ளலாம். நம் வெயிலுக்கு அது தட்டிலேயே காய்ந்துவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிதுக்கி, மேலே லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்ள வேண்டும். தூரிகையில் ஓர் அங்குலத் தட்டை, அரை அங்குலத் தட்டை, கூர்முனை உருண்டை என்று மூன்று. வண்ணத்தில் வெள்ளை, எலுமிச்சை மஞ்சள், மஞ்சள் காவி, அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா, ஒரு சிவப்பு. இருபத்து நான்கு டியூப் கொண்ட பெட்டி வேண்டவே வேண்டாம். கருப்பும் வேண்டாம். நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்தால் கடைக் கருப்பைவிட ஆழமான இருட்டு கிடைக்கும்.

ஆறு வண்ணத்தில் என்ன வரைய முடியும் என்று கேட்பவர்களைத் தஞ்சைப் பெரிய கோயிலுக்குத்தான் நான் அனுப்புவேன். கருவறையைச் சுற்றியுள்ள உள்பாதைச் சுவரில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் அந்தச் சுவரில் வேலை செய்தவர்களிடம் இருந்த வண்ணங்கள் மிகக் குறைவு. சுண்ணாம்பின் வெள்ளை, கரியின் கருப்பு, மஞ்சள் காவி, செங்காவி, மண்ணிலிருந்து எடுத்த பச்சை, கொஞ்சம் நீலம். அதைக்கொண்டுதான் சுந்தரர் வெள்ளை யானையில் கயிலைக்குப் போவதையும், திரிபுரம் எரிக்கக் கிளம்பிய சிவனின் கண்ணையும் எழுதினார்கள். பூச்சு ஈரமாக இருக்கும்போதே தீட்டியாக வேண்டும், காய்ந்துவிட்டால் வண்ணம் சுவரைப் பிடிக்காது. அந்தப் பாதைக்குள் எல்லோரும் போய்ப் பார்க்க முடியாது, ஆனால் புகைப்படங்கள் நிறைய வந்திருக்கின்றன. அதிலுள்ள சிவப்புகளை மட்டும் ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். ஒரே காவியை எத்தனை அடர்த்தியில் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று தெரிந்தால், கடையில் அடுத்த டியூபைத் தேடக் கை போகாது.

வேலையைத் தொடங்கும்போது வெள்ளைக் கான்வாஸில் நேரடியாக வானத்தைப் பூச வேண்டாம். பர்ன்ட் சியன்னாவில் நிறையத் தண்ணீர் விட்டு, முழுப் பலகையையும் ஒரு மெல்லிய மண் நிறத்தால் மூடுங்கள். பரம்படித்த வயலில் நீர் சமமாக நிற்பதுபோல, அதன்மேல் பூசும் வண்ணங்கள் ஒன்றோடொன்று இசைந்து நிற்கும். வெள்ளையின் கூச்சமும் கண்ணை ஏமாற்றாது. தஞ்சாவூர்ப் படம் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பொறுமை பரம்பரையாக உண்டு. பலகையில் துணி ஒட்டி, புளியங்கொட்டைப் பசையில் குழைத்த மாவுப் பூச்சைப் பூசி, காயவிட்டு, வழவழப்பாகத் தேய்த்த பிறகுதான் உருவத்தின் முதல் கோட்டைப் போடுவார்கள். அந்தப் படம் எழுதவே ஆசைப்பட்டு, கல்லும் தங்கத்தாளும் அடங்கிய பெட்டியை வாங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அது உயர்ந்த கலை, ஒரு குருவிடம் இருந்து பழக வேண்டியது. முதல் படமாக அதை எடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். வார்ப்பு வைத்து ஒட்டி நிரப்பும்போது கைக்குப் பயிற்சி கிடைக்கும், கண்ணுக்குக் கிடைக்காது.

எதை வரைவது என்ற கேள்விக்கு நம் ஊரில் மாதந்தோறும் ஒரு விடை இருக்கிறது. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம், நீர் இருப்பு குறைந்த ஆண்டுகளில் தள்ளிப்போகும். அந்தத் தண்ணீர் கல்லணை தாண்டி நம் வாய்க்காலுக்கு வரும்போது போய் மதகடியில் நின்று பாருங்கள். அதில் நீலம் எங்கே இருக்கிறது? வண்டலைச் சுமந்து வரும் புதுத் தண்ணீர் பழுப்பும் செம்மண்ணும் கலந்த நிறம். பிள்ளைகள் அத்தனை பேரும் ஆற்றுக்கு நீலம் பூசுகிறார்கள், காரணம் பாடப் புத்தகத்தில் ஆறு நீலமாக இருக்கிறது. ஆடிப்பெருக்கன்று காவிரியில் இறங்கிக் குளித்த பிள்ளையும் வீட்டுக்கு வந்து நீலம்தான் பூசும். இதை நினைத்து நான் மிகவும் வருத்தப்பட்டிருக்கிறேன். கண்ணெதிரே இருப்பதை நம்பாமல் யாரோ சொன்னதை நம்பும் பழக்கம் ஓவியத்தோடு நிற்பதில்லை. பர்ன்ட் சியன்னா, வெள்ளை, அதில் நீலம் ஒரு துளி. அலை விளிம்பில் மட்டும் வானத்தின் வெளிச்சம். இதுதான் ஆடி மாதத்துக் காவிரி. மார்கழியில் தண்ணீர் தெளிந்து ஓடும்போது வேறு நிறம், சித்திரையில் மணலும் நாணலும்.

நாற்றங்கால் மிக எளிய படம். சேற்றுப் பழுப்புக்கு நடுவே ஒரு சதுரம் பச்சை, அவ்வளவுதான். டியூபில் வரும் பச்சையை அப்படியே பூசினால் வயல் செத்துப்போகும். எலுமிச்சை மஞ்சளில் நீலம் கடுகளவு கலந்தால் நாற்று. பயிர் தூர் கட்டிக் கருக்கும்போது நீலம் கூடும். கதிர் வந்து பால் பிடிக்கும் சமயத்தில் மஞ்சள் காவி உள்ளே நுழையும். அறுவடைக்கு நிற்கும் வயலில் பச்சை அடித்தாளில் மட்டும் மிஞ்சியிருக்கும். குறுவை, சம்பா, தாளடி என்று பட்டத்துக்குப் பட்டம் ஒளியும் வேறு. சம்பா முற்றுவது மார்கழி, தைப் பனியில். அந்தப் பனியைக் காட்டத் தூரத்துப் பட்டையில் வெள்ளை கொஞ்சம் கூட்டினால் போதும்.

வைக்கோல் போர் இன்னொன்று. பிரான்ஸில் கிளாட் மோனே என்ற ஓவியர் 1890, 1891 ஆண்டுகளில் தன் வீட்டுக்குப் பக்கத்து வயலில் நின்ற கதிர்ப் போர்களையே ஏறத்தாழ இருபத்தைந்து படங்களாக வரைந்தார். வெளிச்சம் மாறினால் கையிலிருக்கும் கான்வாஸை வைத்துவிட்டு அந்த வெளிச்சத்துக்குரிய இன்னொன்றை எடுப்பார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, பனிக்காலத்தில் ஒன்று. உலகமெங்கும் அருங்காட்சியகங்களில் அவற்றை வரிசையில் நின்று பார்க்கிறார்கள். நம் களத்துமேட்டில் நிற்கும் போருக்கு அந்தத் தகுதி இல்லையா? உருண்டை உடலும் கூம்புத் தலையும் கொண்ட அதன் வடிவத்தை யாரும் வரையலாம். நிழலில் மட்டும் கவனம் வேண்டும். வைக்கோலின் நிழல் கருப்பாக இருப்பதில்லை. மாலை ஐந்து மணிக்கு அதில் ஊதா கலந்திருக்கும், உற்றுப் பார்த்தால் தெரியும். இப்போது இயந்திர அறுவடை வந்து, வைக்கோலை உருளையாகக் கட்டி லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். அந்த உருளைகளையும் வரையுங்கள், இந்தக் காலத்து வயல் அதுதான். ஆனால் உங்கள் தெருவில் இன்னும் ஒரு போர் நின்றால் அதை முதலில் வரைந்துவிடுங்கள்.

பெரிய கோயிலை வரைய எல்லோருக்கும் ஆசை. 216 அடி விமானத்தின் தளங்களையும் சிற்பங்களையும் தொடங்குகிறவர் கையிலெடுத்தால் மூன்றாம் தளத்திலேயே சலித்துப்போவார். ஊருக்கு வெளியே, வயலுக்கு அப்பாலிருந்து பாருங்கள். கண்ணுக்கு எட்டுவது ஒரே ஒரு வடிவம், வெளிச்சம் படும் பக்கம் ஒன்று, படாத பக்கம் ஒன்று. இரண்டே நிறத்தில் அது ராஜராஜன் கோயில் என்று யாருக்கும் தெரியும். விவரத்தை விடத் துணிவு வேண்டும். அந்தத் துணிவு வந்தவருக்கு எதுவும் எளிய படமே.

இந்தத் துணிவை ஓவியர் கோபுலுவின் படங்களைப் பார்த்துக் கற்கலாம். 1924-இல் தஞ்சாவூரில் பிறந்தவர், கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். அந்தப் பள்ளிதான் இன்று அரசு கவின் கலைக் கல்லூரி. ஆனந்த விகடனில் தில்லானா மோகனாம்பாள் தொடர்கதைக்கு அவர் வரைந்த சித்திரங்களை என் வயதுக்காரர்கள் எடுத்து வைத்திருந்தோம். நாலு கோட்டில் ஒரு நாகஸ்வரக்காரர் எழுந்து வந்து உட்காருவார். முதுமையில் பக்கவாதம் வந்து வலது கை முடங்கியபோது அவர் இடது கையால் வரையப் பழகினார். கை நடுங்குகிறது, இந்த வயதில் என்ன வரப்போகிறது என்று என் திண்ணையில் தயங்குகிறவர்களிடம் நான் வேறு ஆறுதல் எதுவும் சொல்வதில்லை, இதை மட்டும் சொல்கிறேன்.

எதிர் வீட்டு அம்மா அப்படித் தயங்கித்தான் வந்தார்கள். "வாசல்ல கோலம் போடத் தெரியும் வாத்தியாரய்யா, வேறென்ன தெரியும் எனக்கு?" என்றார்கள். அளவுகோல் இல்லாமல் கண்ணளவில் புள்ளி வைத்துப் பழகிய கை அது. வரப்புகள் தூரம் போகப் போக நெருங்குவதை நான் சொல்லிக்கொடுக்கும் முன்பே சரியாக வைத்துவிட்டார்கள். உழவு ஓட்டிய வயலை வரைந்து, அதில் வெள்ளையாகக் கொக்குகளை வைத்துக்கொண்டே போனார்கள். பக்கத்தில் வரைந்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற வங்கிக்காரர், "ஒரு கொக்கு போதும்மா, அப்பத்தான் அழகு" என்றார். அந்த அம்மா தூரிகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்: "ஏர் ஓட்டுற வயல்ல ஒத்தக் கொக்கு நின்னு நீங்க பாத்திருக்கீங்களா சார்?" டிராக்டருக்குப் பின்னால் கொக்குகள் கூட்டமாகத்தான் வரும். புரளும் மண்ணில் புழு பொறுக்க வருகிறவை அவை. படம் அழகாக இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார், வயல் வயலாக இருக்க வேண்டும் என்று இந்த அம்மா நினைத்தார்கள். கொக்குகள் அப்படியே இருக்கட்டும் என்றேன். விவரத்தை விடச் சொல்கிற நான், உண்மையை விடச் சொன்னதில்லை. எது விவரம், எது உண்மை என்று பிரிக்க அந்த வயலில் வாழ்ந்தவருக்குத்தான் தெரியும், அதனால்தான் உங்கள் ஊரை வரையுங்கள் என்று மன்றாடுகிறேன்.

இதில் எனக்கு ஓர் ஆதங்கமும் உண்டு. சாலையோரத்து நஞ்சைகளில் மனைக்கற்கள் நட்டிருப்பதைப் பேருந்திலிருந்தே பார்க்கலாம். அப்படி வயல்கள் மறையும் முன், டெல்டாவில் ஒவ்வொரு வீட்டிலும், அந்த வீட்டார் கையால் வரைந்த அவர்கள் வயலின் படம் ஒன்று இருக்க வேண்டும். அது திறமையாக இருக்க வேண்டியதில்லை.

படம் காய்ந்ததும் திருப்பிப் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். தேதி, ஊர், எந்த நேரம். வயலுக்குப் பெயர் இருந்தால் அதையும் எழுதுங்கள், மேட்டுவயல், கோயில் வயல் என்று நீங்கள் வீட்டில் கூப்பிடுகிற பெயரையே எழுதுங்கள். என்ன நெல் என்பதையும் சேருங்கள். ஆடுதுறை 43 பழுக்கும்போது இருக்கும் மஞ்சளும் சி.ஆர். 1009 பழுக்கும்போது இருக்கும் மஞ்சளும் ஒன்றல்ல, குறுவை வெயிலும் தைப் பனியும் ஒன்றல்ல. அடுத்த பட்டத்தில் அதே வரப்பில் உட்காரும்போது, எந்த மஞ்சளில் எதைக் கலந்தீர்கள் என்று பார்க்க அந்தக் குறிப்பு வேண்டியிருக்கும்.