கட்டளை வரியும் கள ஆய்வும்

தாராவித் தமிழரின் பேச்சில் மராத்தியும் இந்தியும் கலக்கும் விதத்தைப் பதிவு செய்யச் செயலி ஒன்று தேவைப்பட்டது. கிடைப்பவற்றுள் பல, குரலைத் தொலைவிலுள்ள வழங்கிக்கு அனுப்பிவிடுகின்றன. கைப்பேசியை விட்டுக் குரல் வெளியேறாத ஒரு செயலியை நானே எழுத முனைந்தேன். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்குக் குறைந்தது 8 ஜிபி நினைவகம் வேண்டும். தாதர் அறையிலுள்ள என் மடிக்கணினியில் இருப்பது 4. ஆகவே ஆண்ட்ராய்டு எஸ்டிகேயை மட்டும் கட்டளை வரியில் கைப்பட நிறுவினேன்.

முதலில் ஜாவா 17. அடுத்து, கூகுள் தரும் கட்டளை வரிக் கருவிகளின் ஜிப் கோப்பு. அதை விரித்ததும் கிடைக்கும் 'சிஎம்டிலைன்-டூல்ஸ்' கோப்புறைக்குள் 'லேட்டஸ்ட்' என்றொரு கோப்புறை அமைத்து, யாவற்றையும் அதனுள் இட வேண்டும். எஸ்டிகேமேனேஜர் தான் இருக்கும் இடத்திலிருந்து மேல்நோக்கிச் சென்றே வேர்க் கோப்புறையைக் கண்டறிகிறது. ஒரு படி குறைந்தால் நின்றுவிடும். பின்னர் உரிமங்களை ஏற்று, பிளாட்ஃபார்ம்-டூல்ஸ், பில்டு-டூல்ஸ், ஓர் ஆண்ட்ராய்டு பதிப்பு ஆகிய மூன்றை மட்டும் இறக்கினால் போதும். எமுலேட்டர் வேண்டியதில்லை, யூஎஸ்பி கம்பியில் இணைத்த கைப்பேசியே சோதனைக்களம்.

"தம்பி, எம் பேச்சு எங்க போவுது?" என்று தாராவியில் ஒரு மூதாட்டி கேட்டார். ஒப்புதல் படிவத்தில் 'இணையத்திற்குச் செல்லாது' என்று எழுதுவது எளிது. அதை மெய்ப்பிப்பது எப்படி? இணைய அனுமதி கோராத செயலி ஆண்ட்ராய்டில் நேரடியாக வலையிணைப்பைத் திறக்க இயலாது. ஆனால், நாம் சேர்க்கும் நூலகங்கள் அவ்வனுமதியைச் சத்தமின்றிக் கொண்டுவரக்கூடும். பில்டு-டூல்ஸில் உள்ள 'ஏஏபிடி' என்ற கருவி, உருவாகி முடிந்த செயலி கோரும் அனுமதிகளை ஒரே கட்டளையில் பட்டியலிட்டுவிடுகிறது. என் செயலியின் பட்டியலில் இருந்தது ஒலிவாங்கி மட்டுமே. தானியங்கிக் காப்புப்பிரதி வழியாகக் கோப்புகள் மேகக்கணினிக்குச் செல்லாதிருக்க அதையும் மேனிஃபெஸ்டில் அணைத்தேன். அதன்பின்பே, "இந்தப் போன்லயேதான் இருக்கும், ஆச்சி" என்று சொல்ல முடிந்தது.

களமொழியியல் பயிலும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் இட்ட கட்டளைகளையும் பதிப்பெண்களையும் ஓர் உரைக்கோப்பில் சேமித்து, ஆய்வேட்டின் பின்னிணைப்பாகத் தாருங்கள். சுட்டியால் சொடுக்கியவற்றை மற்றவர் அப்படியே திரும்பச் செய்வது அரிது. எழுதிய கட்டளையை எவரும் இயக்கிச் சரிபார்க்கலாம். தம் குரலை நம்மிடம் ஒப்படைத்தவர்களுக்கு நாம் தரும் வாக்குறுதியும் அவ்வாறு சரிபார்க்கத் தக்கதாக இருக்க வேண்டும்.