கலவையும் கலப்படமும்

‘ஆர்கானிக்’ என்று புட்டியின் மேல் போட்டிருந்தால், மனிதக் கை படாமல் தானாக விளைந்து தானாகப் புளித்த ஒயின் என்று நம்மில் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். கவிதை பற்றியும் இதே எண்ணம் நிலவுவதால் இதை எழுதவேண்டியிருக்கிறது.

பிரான்ஸின் தெற்கே, ரோன் நதிக்கருகில் ஷாத்தோநெஃப் து பாப் என்ற ஊர். அங்குள்ள போகாஸ்டெல் தோட்டத்தில் பெரேன் குடும்பத்தார் 1950களிலேயே ரசாயன உரத்தைக் கைவிட்டவர்கள். மண்ணை மூடிய உருண்டைக் கூழாங்கற்கள்; 13 வகைத் திராட்சை. சிவப்பு ஒயினில் வெள்ளைத் திராட்சைக்கும் இடமுண்டு. வேறு ஊர்ச் சரக்கு தங்கள் பெயரில் விற்பதைத் தடுக்க 1923இல் பாரன் ல ருவா முன்னின்று வகுத்த விதிகள் 1936இல் சட்டமாயின. கையால் பறிக்கவேண்டும், சொத்தையைக் கழிக்கவேண்டும். கலப்படத்துக்கு எதிராகப் பிறந்த சட்டம் கலவையைத் தடுக்கவில்லை. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது.

பறித்த பின் ஒவ்வொரு வகையும் தனியே புளிக்கிறது. அதற்கு முன் பழத்தோலை 80 டிகிரிக்குச் சட்டென்று சூடாக்கி உடனே ஆற்றுகிறார்கள். நிறம் இறங்கும், கந்தகம் குறைவாகப் போதும். கந்தகமே கூடாது என்பதில்லை. ஐரோப்பிய விதி 2012 முதல், இனிப்பு எஞ்சாத ஆர்கானிக் சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. சாதாரண ஒயினுக்கு 150. கிரெனாஷ் காற்றுப் பட்டால் கெடும், அதற்குச் சிமெண்ட் தொட்டி. மூர்வெத்ருக்கும் சிராவுக்கும் காற்று வேண்டும், அவற்றுக்கு மரத்தொட்டி. அப்புறம் உட்கார்ந்து ருசித்துச் சேர்க்கிறார்கள். கிரெனாஷும் மூர்வெத்ரும் சுமார் 30 சதவீதம் வீதம். மற்றவை கொஞ்சம் கொஞ்சம். பிறகு பெரிய ஓக் பீப்பாயில் ஓராண்டு.

பாண்டிச்சேரியில் ஒரு வீட்டில் எனக்கு இதில் அரை டம்ளர் கிடைத்தது. கறுத்த பழம், ஈரத் தோல், லேசாகக் குதிரைலாய வாடை. கந்தகம் குறைந்த இடத்தில் தழைக்கும் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட்டின் வேலை அது. பழைய போகாஸ்டெல் புட்டிகளில் பிரசித்தம். குறை என்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன்.

என் நண்பர் ஒருவர், நல்ல கவிஞர், நாற்பது கவிதைகளில் பதினொன்றை எடுத்துவிடச் சொன்னதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. கவிதை தானாக வருவதாம். கவுண்டரில் நோட்டு எண்ணுகிறவனுக்கு அது தெரியாதாம். தானாக வருவது திராட்சை. ஒயினை அதன்போக்கில் விட்டால் காடியாகிவிடும். எதை எதோடு சேர்ப்பது, எதை ஒதுக்குவது என்கிற நாக்கு ஒருவருக்கு இல்லாமல் அந்த மண்ணும் வெயிலும் கூழாங்கல்லும் என்ன செய்துவிட முடியும்? இதை அவருக்குக் கடிதமாகவும் எழுதினேன். பதில் இல்லை. தொகுப்பு நாற்பதோடும் அச்சுக்குப் போயிருப்பதாகக் கேள்வி.